சாமிக்குப் பழைய நேரம்

மலேசியாவில் எல்லாமே அரை மணி முன்னதாக நடக்கிறது என்று, ஈப்போவுக்கு வந்த நாளிலிருந்து பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். தங்கை மகள் கல்யாணத்தில் அரை மணி முன்னதாகவே பந்தி விரித்துவிட்டார்கள். கடைகள் அரை மணி முன்னதாகத் திறந்தன. வானொலியில் தமிழ்ச் செய்தி கேட்கலாமென்று உட்கார்ந்தால் அதுவும் முடிந்துபோயிருந்தது. “எங்கள் சிதம்பரத்தில் மாப்பிள்ளை வந்து சேரவே ஒரு மணி பிந்தும்” என்பேன். கேட்பவர்கள் பெருமையோடு தலையாட்டுவார்கள். அவர்களில் ஒருவராவது என் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே வந்திருக்காது. ஒரு நல்ல மனிதரை நான் தலைகுனிய வைத்திருக்கவும் மாட்டேன்.

நான் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். தங்கை கமலம் வாழ்க்கைப்பட்டு ஈப்போ சிலிபினுக்குப் போய் இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. அவள் கணவர் சிவலிங்கம் பத்து காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஈப்போவில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவர். கல்யாணக் கூட்டம் கலைந்ததும், “மச்சான், ஊருக்குப் போறதுக்குள்ள என்ன பாக்கணும், சொல்லுங்க” என்றார். எல்லாரும் கேமரன் மலை என்று சொல்வேன் என எதிர்பார்த்தார்கள். நான் கோலா குலா என்றேன்.

அது பேராக் கடலோரத்தில், சுரபுன்னைக் காடும் சேறும் கலந்த ஒரு பறவைக் காப்பகம். பால் போல வெளுத்த ஒரு நாரை அங்கே இருக்கிறது. நம் ஊர் ஏரிகளில் வந்து இறங்கும் மஞ்சள் மூக்கு நாரைக்கு ஒன்றுவிட்ட சகோதரம். அதன் படத்தைக் கரும்பலகையில் எத்தனையோ வருஷம் வரைந்திருக்கிறேன். உயிரோடு ஒன்றையும் பார்த்ததில்லை.

“கோலா குலாவா? கார் இல்லாம எப்படிலா போவீங்க?” என்றார் மணியம், இந்த ஊர்ப் பேச்சின் ‘லா’வோடு. அவர் சிவலிங்கத்தின் தம்பி, லாரி உதிரிப் பாகக் கடை வைத்திருப்பவர். “நாலு பஸ்ஸு மாறணும். நான் காரை எடுத்துட்டு வாரேன்.”

“வேணாம்” என்றார் சிவலிங்கம். “என் மச்சானை நானே கூட்டிட்டுப் போறேன்.”

“எதுல? தோள்ல தூக்கிக்கிட்டா?”

கூடம் முழுவதும் சிரித்தது. சிவலிங்கமும் சிரித்தார். ஆனால் அவர் காது மடல் சிவந்துபோனதைப் பார்த்தேன். வீட்டில் முன்பு ஒரு கார் இருந்தது. மகன் கோலாலம்பூரில் வேலை கிடைத்துப் போனபோது அதை எடுத்துப் போய்விட்டான். அதன்பின் கல்யாணத்துக்குப் பூ வாங்கப் போனாலும், கப்பல் துறைமுகத்துக்கு என்னை அழைக்க வந்தாலும் மணியத்தின் கார்தான். அதை மணியம் ஒருவரையும் மறக்க விடவில்லை. பெண் கொடுத்த வீட்டு மூத்தவனைத் தன் பொறுப்பில், தன் செலவில், பஸ்ஸிலேயே கடல்வரை கூட்டிப்போய்த் திரும்ப வேண்டும். சிவலிங்கம் கேட்டது அது ஒன்றைத்தான். அச்சகத்தில் உடன் வேலை செய்யும் சீனர் ஒருவரின் மாமா ஆ செங் அங்கே படகு வைத்திருந்தார். அவரிடம் சொல்லி, சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் படகு என்று ஏற்பாடாயிற்று. ஓடையில் நீர் ஏறி நிற்கும்போதே போய்த் திரும்பிவிட வேண்டும். பிந்தினால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும்.

சனிக்கிழமை இருட்டோடு கிளம்பினோம். வழக்கம்போல பஸ்ஸும் என் கணக்குக்கு அரை மணி முன்னதாக வந்தது. “பாருங்கள், என்ன ஒழுங்கு!” என்று வியந்தேன். சிவலிங்கம் தூக்கக் கலக்கத்தில் ஆமாம் என்றார்.

தைப்பிங் பஸ் நிலையத்தில் பசியாறினோம். இங்கே காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் சொல். நான் அதை மிகவும் விரும்பினேன். வாழை இலையில் கூம்பாகக் கட்டிய தேங்காய்ப்பால் சோறு, மேலே நெத்திலிக் கருவாடும் காரச் சம்பலும். நம் ஊர்க் கட்டுச்சோற்றில் புளி இருக்கும் இடத்தில் இங்கே தேங்காய் இருக்கிறது. இரண்டு பொட்டலம் சாப்பிட்டேன். மூன்றாவதைப் பார்த்தபோது சிவலிங்கம் என் தோளைத் தொட்டு பஸ்ஸைக் காட்டினார்.

பாகான் செராய் போகும் அந்த பஸ்ஸில், ஒரு மலாய் இளைஞர் ஆள் உயர நிலைக்கண்ணாடி ஒன்றை முழங்காலுக்கு இடையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் என் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் நெல் வயல்கள் தஞ்சாவூரைப் போலவே விரிந்து ஓடின. நடத்துநர் வந்து அவரிடம் ஏதோ கேட்க, பஸ்ஸே சிரித்தது. சிவலிங்கம் எனக்குச் சொன்னார்: “கண்ணாடிக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டான்னு கேக்குறாரு. அதுக்குள்ள தெரியுற ஆளுங்களுக்கெல்லாம் சேத்து நீயே போட்டுக்கன்னு அந்தத் தம்பி சொல்லுது.” அடுத்த குலுக்கலில் கண்ணாடி சரிய, நாலைந்து பேராகப் பாய்ந்து பிடித்தோம். இறங்கும்வரை ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டே பயணம் செய்தோம்.

கடைசி பஸ் ஒரு முச்சந்தியோடு நின்றுவிட்டது. டயர் பஞ்சர். நடுங்கியது சிவலிங்கம்தான், எனக்கு என் கடிகாரம் தைரியம் சொன்னது. செம்பனை என்னும் எண்ணெய்ப் பனையின் குலைகளை ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் பக்கத்துத் தோட்டத்துத் தமிழர்.

“எங்க அண்ணே, இந்த வெயில்ல?”

“கோலா குலா. மச்சான் ஊருலருந்து வந்திருக்காரு. நாரை பாக்கணுமாம்.”

“நாரை பாக்க ஊருலருந்தா? எங்க லயத்து வீட்டுப் பக்கம் வந்தா கொசுவும் பாக்கலாமே. ஏறுங்கலா!”

குலைகளின் முள் வேட்டியில் குத்த, கல்லூரியில் முப்பது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்த நான் செம்பனை மேல் உட்கார்ந்து மீனவர் கிராமத்துக்குள் நுழைந்தேன். அவ்வளவு சந்தோஷமாக எந்தக் காரிலும் எங்கும் போய் இறங்கியதில்லை.

படகுத்துறைக்கு எதிரிலேயே ஒரு சீனர் கடை. சுவரில் வட்டமான கடிகாரம். நான் என்னுடையதைப் பார்த்தேன். அரை மணிக்கு மேல் அவகாசம் இருந்தது. அப்போது பக்கத்து மேஜைக்கு ஒரு தட்டில் கெராங் வந்தது. சேற்றில் விளையும் சிப்பி. வெந்நீரில் முக்கியெடுத்துச் சுடச்சுட, மிளகாய்த் துவையலோடு. மாணவர்களுக்கு முன்னால் எத்தனையோ சிப்பிகளைப் பிளந்து காட்டியிருக்கிறேன். ஒன்றைக்கூட வாயில் போட்டதில்லை. ஒரு தட்டு கேட்டோம். கடல் உப்பும் மிளகாயும் சேர்ந்து நாக்கில் இறங்கியபோது, என் படிப்பில் பாதி அதுவரை விட்டுப்போயிருந்தது என்று தோன்றியது. இன்னொரு தட்டு கேட்டேன்.

“மச்சான்,” என்றார் சிவலிங்கம், தன் கடிகாரத்தைப் பார்த்தபடி, “கிளம்பலாமா? என் கடியாரத்துல மணி ஆயிருச்சு.”

“உங்கள் கடிகாரம் வேகமாக ஓடுகிறது, மாப்பிள்ளை. இதோ பாருங்கள்.”

“இல்ல, சுவத்துலயும்...”

“கடைக்காரர் வேண்டுமென்றே வேகமாக வைத்திருப்பார். சீக்கிரம் கடையை மூடலாமே!” நான் உரக்கச் சொல்லிச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிவலிங்கம் என் மணிக்கட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “சரி மச்சான், சாப்பிடுங்க” என்றார்.

துறைக்குப் போனபோது படகு இல்லை. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு முதியவர் மலாயில் சொன்னார். சிவலிங்கம் மொழிபெயர்க்காமலே எனக்குப் புரிந்தது. ஆ செங் காத்திருந்து பார்த்துவிட்டு, வந்திருந்த வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இனி இன்றைக்கு நீர் கிடையாது.

அங்கே நான் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். “நேரத்தைப் பார்த்துக் கூட்டி வந்திருக்கக் கூடாதா, மாப்பிள்ளை?” என்றேன். அந்த முதியவருக்குத் தமிழ் தெரியாது. குரல் தெரியும்.

சிவலிங்கம் முதியவரிடம் திரும்பி, தன் மார்பைத் தொட்டு, தவறு தன்னுடையது என்று மலாயில் இரண்டு முறை சொன்னார். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கோபம் எனக்கு நெடுநேரம் நிற்கவில்லை. நிற்க விடாதபடி அந்தச் சேறு உயிரோடிருந்தது. திரும்பும் பஸ் பிற்பகலில்தான் என்பதால் மண் கரை மேல் நடந்தோம். நீர் பின்வாங்கப் பின்வாங்க, எங்கிருந்து வந்தனவோ, உள்ளான் பறவைகள் கூட்டம் கூட்டமாக இறங்கித் தையல் ஊசி போலச் சேற்றைக் குத்தின. மீன்கள் கரையேறி, துடுப்பைக் கைபோல ஊன்றி எழும்பி, ஒன்றை ஒன்று முறைத்துச் சண்டை போட்டன. “பங்காளிங்க” என்றார் சிவலிங்கம். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

கரையோரம் ஒரு மரத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். தில்லை! எங்கள் ஊருக்கே பெயர் கொடுத்த மரம். பிச்சாவரத்தில் பார்த்தது, கடல் கடந்து இங்கேயும் நின்றது. இலையைக் கிள்ளினேன், பால் வடிந்தது.

“கண்ணில் பட்டால் பார்வை போகும். தொடாதீர்கள்.”

“பால் வருது! கித்தா மாதிரியே இருக்கே மச்சான்.”

“ரப்பரும் இதுவும் ஒரே குடும்பம்தான்.”

தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் மகன் அந்த மரத்தை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப உங்க ஊரு மரமும் எங்க தோட்டத்து மரமும் சம்பந்தி முறை. நம்ம மாதிரி” என்றார். படகை விட்டதிலிருந்து அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது.

நாரை மட்டும் இல்லை. தூரத்தில் கானலுக்குள் வெள்ளையாக ஏதோ நின்றது. கொக்காகவும் இருக்கலாம்.

தைப்பிங் வந்து இறங்கியபோது பஸ் நிலையக் கடிகாரத்தைப் பார்த்தேன். அதுவும் அரை மணி முன்னால் இருந்தது. எதிர்க் கடையில் ஒன்று, அதுவும். தைப்பிங் ஊரே சீக்கிரம் கடையை மூட நினைக்குமா? பக்கத்தில் நின்ற சிவலிங்கத்தின் கையைப் பார்த்தேன். வெயிலில் கறுத்த மணிக்கட்டில், கடிகாரம் இருந்த இடம் மட்டும் வளையமாக வெளுத்திருந்தது.

“மாப்பிள்ளை, உங்கள் கடிகாரத்தைக் கொஞ்சம் காட்டுங்கள்.”

தயங்கி எடுத்தார். அது ஊர்க் கடிகாரங்களோடு இம்மியும் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“அது வந்து மச்சான்... இந்த ஜனவரியில கவர்மெண்டு எல்லாருக்கும் நேரத்த அரை மணி முன்னால தள்ளி வச்சிட்டாங்க. எங்க கைக்கடியாரத்த எல்லாம் மாத்தினேன். சாமி ரூம்புல இருக்கிறத மட்டும் கமலம் மாத்த விடல. ராகு காலமெல்லாம் பழைய நேரத்துக்குத்தான், சூரியன் என்ன கவர்மெண்டு வேலையா பாக்குதுன்னு கேட்டுட்டா. நீங்க வந்த அன்னைக்கு விளக்கு முன்னால நின்னு, அதப் பாத்து உங்க கடியாரத்தத் திருப்பினது ஞாபகம் வந்துச்சு.”

“எப்போது ஞாபகம் வந்தது?”

“கெராங் சாப்பிடுறப்ப.”

“சொல்லியிருக்கலாமே!”

“எனக்குப் பொண்ணு குடுத்தவரு நீங்க. கடையில நாலு பேரு பாக்குறாங்க. அங்க வச்சு, உங்க நேரம் தப்புன்னு எப்படி மச்சான் சொல்லுவேன்?”

ஈப்போ வரும்வரை அவர் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் மணியம் காத்திருந்தார். நாங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் செய்தி வெளியே வந்துவிட்டது. “காரையும் வேணாம்னாரு, படகையும் விட்டுட்டாரு!” என்று அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். கமலத்துக்குக் கோபம். “அண்ணன் எவ்வளவு ஆசையா கேட்டாங்க. ஒரு நேரங்காலம் பாத்துக் கூட்டிட்டுப் போகத் தெரியலயே உங்களுக்கு!”

“மறந்துட்டேன்லா” என்றார் சிவலிங்கம், சட்டையைக் கழற்றியபடி.

நான் சொன்னேன்: “தப்பு என்னுடையது. என் கடிகாரம்தான் தப்பு. அவர் கிளம்பலாம் என்றார், நான்தான் கேட்கவில்லை. கெராங் தின்றுகொண்டிருந்தேன்.”

கமலத்தின் கண் கலங்கியது. “பாத்தீங்களா? அடுத்தவங்க பழியக்கூட எங்க அண்ணன் தன் தலையில போட்டுக்கிறாங்க!”

“பெரிய மனசு” என்றார் மணியம், எழுந்து நின்று.

நான் ஒருபோதும் அப்படிச் செய்தவன் அல்ல. கல்லூரியில் ஆய்வுக்கூடக் கண்ணாடி உடைந்தால் உதவியாளரைத்தான் பார்ப்பேன். வீட்டில் பால் பொங்கினால் மனைவியைப் பார்ப்பேன். வாழ்நாளில் முதல்முறையாக உண்மையை ஒப்புக்கொண்டேன். அதற்கும் எனக்கே மாலை விழுந்தது. சிவலிங்கம் ஓரமாக நின்று, விடுங்கள் என்பதுபோலத் தலையசைத்தார். விட்டிருப்பேன். அந்த வெளுத்த வளையம் மறுபடி கண்ணில் பட்டது.

கமலத்தின் கையைப் பிடித்துச் சாமி அறைக்குக் கூட்டிப்போனேன். மணியத்தையும் வரச் சொன்னேன். என் கடிகாரத்தைக் கழற்றி, சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் பிடித்தேன். இரண்டும் ஒரே மணி காட்டின. மணியம் தன் கடிகாரத்தை நீட்டினார். அது அரை மணி முன்னால்.

கமலம் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்தே சிரித்தாள். “ஐயோ அண்ணே! அது சாமிக்குலா! நீங்க ஏன் கட்டிக்கிட்டீங்க?”

“அப்படின்னா பந்தி...” என்றார் மணியம். “எல்லாம் அரை மணி முன்னாலன்னு நீங்க சொன்னதெல்லாம்...” அவர் என்னைப் பார்த்த பார்வையில் பெரிய மனசு எதுவும் மிச்சமில்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

கமலம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கணவரைப் பார்த்தாள். “தெரிஞ்சும் ஏன் பேசாம இருந்தீங்க?” அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். அன்று இரண்டு முறை அவருக்குக் காப்பி போனது.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களுக்கெல்லாம் நானே கதையைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் கெராங் ஒரு தட்டு கூடியது. ஆ செங்குக்குத் தகவல் போயிற்று. திங்கட்கிழமை நீர் இன்னும் பிந்தித்தான் ஏறும், பதினொன்றரைக்கு வந்தால் போதும் என்றார். சிவலிங்கம் அச்சகத்துக்கு லீவு சொன்னார். கமலம், “நானும் வாரேன். உங்க ரெண்டு பேரையும் நம்ப முடியாது” என்றாள். அத்தனை வருஷம் பேராக்கில் இருந்தும் அவள் அந்தக் கரைப்பக்கம் போனதில்லை.

திங்கள் காலை அவள் கட்டுச்சோறு கட்டி முடிப்பதற்குள் ஏழரை தாண்டிவிட்டது. மணியம் வாசலில் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார். “அண்ணி, திங்கட்கிழமை. ஏழரைலருந்து ராகு காலம். இனி ஒம்போது மணிக்குத்தான் வாசப்படி தாண்டணும். பஸ்ஸுல போனா படகு போயிரும். என் கார்ல ஏறுங்க.”

கமலம் சாமி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். “இன்னும் ஏழே கால்கூட ஆகல தம்பி. ராகு காலத்துக்கு நெறைய நேரம் இருக்கு” என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

அன்று பஞ்சர் இல்லை, கண்ணாடியும் இல்லை. முச்சந்தியில் அதே டிராக்டரைப் பார்த்ததும் நான்தான் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி எல்லாரையும் இறக்கினேன். “நாரை இன்னும் கெடைக்கலயா அண்ணே?” என்றார் ஓட்டியவர். கமலம் செம்பனைக் குலை மேல் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, வழியெல்லாம் கொசுவைத் திட்டிக்கொண்டே வந்தாள். சீனர் கடையைத் தாண்டும்போது கெராங் வாசனை அடித்தது. இருவரும் என்னை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக் கடத்திக்கொண்டு போனார்கள்.

ஆ செங் எங்களைப் பார்த்ததும் சிவலிங்கத்திடம் ஏதோ சொன்னார். “யாரோட கடியாரம் இன்னைக்குன்னு கேக்குறாரு.” சிவலிங்கம் தன் கையைத் தூக்கிக் காட்டினார். என்னுடையதைக் காலையிலேயே அவர் பையில் போட்டுவிட்டிருந்தேன்.

நிறைந்த ஓடையில் படகு போயிற்று. வேர்கள் நீருக்குள் விரல் ஊன்றி நின்றன. ஒரு வளைவில் ஆ செங் எஞ்சினை அணைத்தார். முதலில் பார்த்தவள் கமலம். பேசாமல் என் தோளைக் கிள்ளினாள். சுரபுன்னை உச்சிகளில், துணி உலர்த்தியதுபோல, வெள்ளை வெள்ளையாக. மஞ்சள் அலகு, சிவந்த மொட்டை முகம், இறக்கை ஓரத்தில் மட்டும் கறுப்பு. நான் கரும்பலகையில் வரைந்தது எதுவும் அதைப்போல் இல்லை. எண்ண நினைத்தேன், கண் கலங்கிவிட்டதால் முடியவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியவில்லை. நீர் இறங்கத் தொடங்கிவிடுமோ என்று எனக்குப் பயம் வந்தது.

“மணி என்ன, மாப்பிள்ளை?” என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் ஒரு கையில் என் கடிகாரத்தையும் மறு கையில் தன்னுடையதையும் ஏந்திக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல் கேட்டார்: “உங்களுக்கு எது வேணும் மச்சான்? சாமி மணியா, கவர்மெண்டு மணியா?”

“ரெண்டு பேரும் வாய மூடுங்க,” என்றாள் கமலம், மரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “பறந்துரும்.”